இரண்டு டம்ளர் தண்ணீர்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
12.6.1934

அன்புத் தம்பி ரெங்கசாமிக்கு அக்கா புஷ்பவல்லி எழுதுவது. ஏழு மாதக் கர்ப்பிணியான உன் மனைவி சீதாலெட்சுமியும் நானும் இங்கே நலம். கிள்ளானில் நீயும் உன் தண்ணீர்த் தொட்டிகளும் நலமென்று நம்புகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, நீ அவளுக்கு எழுதியிருந்த கடிதத்தை அடுப்பில் போட்டேன். காபித் தண்ணீர் சீக்கிரம் கொதித்தது.

நேற்று லேடி டாக்டரிடம் போயிருந்தோம். போன தடவை எட்டாம் மாதமே பனிக்குடம் உடைந்து குழந்தை தங்காமல் போனதைச் சொன்னேன். ஒருமுறை அப்படி ஆனவளுக்கு மறுபடியும் ஆகலாம், கவனம் வேண்டும் என்றவர், பளு தூக்குகிறாயா, புகையிலை போடுகிறாயா, சிறுநீர் போகும்போது எரிச்சல் உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். முதல் இரண்டுக்கும் இல்லையென்று தலையாட்டிய உன் மனைவி, மூன்றாவதற்குச் சேலைத் தலைப்பைத் திருகினாள்.

“தண்ணி எவ்வளவும்மா குடிக்கிற?”

“ரெண்டு டம்ளர், டாக்டரம்மா. மேல குடிச்சா உள்ள ரொம்பி உடைஞ்சிரும்னு அவங்க எழுதியிருக்காங்க.”

“உன் வீட்டுக்காரர் வைத்தியரா?”

“இல்லீங்க. ரயில் இஞ்சினுக்குத் தண்ணி ரொப்புற தொட்டிக்கு ஓவர்சியர்.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடே, உன் மனைவி தொட்டியா? தண்ணீரைக் குறைத்ததில் எரிச்சல்தான் கூடியிருக்கிறது, அந்த எரிச்சலை உண்டாக்கும் கிருமி மேலே ஏறினால் பனிக்குடம் முன்னதாகவே உடையக்கூடுமாம், மருந்தும் பார்லித் தண்ணீரும் கொடுத்திருக்கிறார், அதை நான் டம்ளர் டம்ளராக நீட்டினால் இவள் என்னடாவென்றால், “அவங்களுக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேட்டுக்கிட்டு குடிக்கிறேனே அண்ணி” என்கிறாள்!

ஆகவே பிரசவம் முடியும்வரை நீ இங்கே வரவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு. மழையில் தொட்டிமேல் ஏறாதே. தீர்க்காயுசாக இரு.

உன் அக்கா,
புஷ்பவல்லி

பின்குறிப்பு: போன தடவையும் அவளுக்கு எரிச்சல் இருந்தது. என்னிடம்தான் சொன்னாள். “உடம்புச் சூடு, எண்ணெய் தேய்ச்சுக் குளி” என்றேன். மதராஸில் காலேஜ் படித்த நான் சொன்னதால் மறுபேச்சில்லாமல் குளித்தாள். நீயாவது பயத்தில் எழுதினாய். நான் தெரிந்தவள்போலச் சொன்னேன். உன்னை எதற்குத் திட்டுவது? இந்தக் கடிதமும் அதே அடுப்புக்குத்தான் போகிறது. சீதாலெட்சுமி உள்ளே முகத்தைச் சுளித்துக்கொண்டு ஐந்தாவது டம்ளரைக் குடிக்கிறாள். அவளுக்குக்கூடத் தெரியாது: சனிக்கிழமை முதல் ரயிலில் கிள்ளானுக்கு வந்து, இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, உன்னைக் கையோடு இங்கே அழைத்துவரப் போகிறேன்.