மகுடேஸ்வரன் தட்டிய கீபோர்டு

மகுடேஸ்வரன் அந்தப் பெரிய முடிவைப் பல் தேய்த்துக்கொண்டே எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு அறிவித்தார்.

"ஜனனி, இன்னைக்கு அந்த மேடம் வர்றப்ப நீ ஆபீசுல இருக்கக் கூடாது."

கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "அப்ப கம்ப்யூட்டரை யாருங்க பாக்கறது?"

"நான்தான்."

"நீங்களா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"இருக்குதுங்க. போன வாரம் அந்தக் கையாலதான் பிரிண்டரை ஆஃப் பண்றேன்னு ஊட்டு மெயினையே ஆஃப் பண்ணிப்போட்டீங்க. தையல் மெஷினெல்லாம் நின்னுபோயி தெருவே வந்து என்னன்னு கேட்டுது."

அருள்புரத்தில் அவர்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். பின்னால் கொட்டகையில் தையல் மெஷின்கள். பனியன் துணியைத் தடவிப் பார்த்தே எந்த மில் நூல் என்று சொல்லிவிடுவார் மகுடேஸ்வரன். ஆனால் கம்ப்யூட்டரைத் தடவிப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆபீசில் மெயிலுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, டிசைனுக்கு ஒன்று என்று மூன்று பழைய கம்ப்யூட்டர்கள். மூன்றுக்கும் தனித்தனி மானிட்டர்; ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ். நடுவில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. அதன் பட்டனை அமுக்கினால் 'டக்' என்று சத்தம் கேட்கும். கீபோர்டும் மவுஸும் அடுத்த கம்ப்யூட்டருக்குத் தாவிவிடும். ஜனனி கோயமுத்தூர் வரை போய்த் தேடி வாங்கி வந்த பெட்டி அது. உட்கார்ந்த இடத்திலிருந்தே மூன்றையும் மேய்ப்பாள்.

வினை போனில் வந்தது. வெளிநாட்டு ஆர்டர்களைப் பிடித்துக் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் பையிங் ஆபீஸ் ரோஸ்மேரி மேடத்திடம், "ஆபீஸ் பூரா நம்ம கண்ட்ரோல்தானுங்க, மூணு கம்ப்யூட்டரையும் நானே தட்டிருவேன்" என்று சொல்லி வைத்திருந்தார் மகுடேஸ்வரன்.

"அப்படியா? நேர்ல வந்து பாக்கேன்" என்று அந்தம்மா சொல்லிவிட்டாள்.

வருகிற ஆர்டர் குழந்தைகள் சட்டை, நாலாயிரம் பீஸ். அது வராவிட்டால் அடுத்த வாரம் மெஷின் ஓடாது. மெஷின் ஓடாவிட்டால் டெய்லர்கள் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போன டெய்லர் திரும்பி வந்ததாக அருள்புரத்தில் யாரும் சொன்னதில்லை.

"பொய்யச் சொல்லிப்போட்டு இப்ப என்ன பண்றதுங்க?"

மகுடேஸ்வரன் குரலைத் தாழ்த்தினார். "உண்மையான கீபோர்டு, மவுஸ், பெட்டி எல்லாம் உன்ற கையில. சமையலறைத் திரைச்சீலைக்குப் பின்னால நீ. ஓட்டை வழியா மானிட்டரைப் பாத்துக்க. முன்னால நானும் ஒரு செத்த கீபோர்டும். நான் மெயிலுன்னா மெயிலு, கணக்குன்னா கணக்கு. நீ அமுக்கு, நான் தட்டறேன்."

"நான் உள்ள இருக்கறது தெரியக் கூடாது, அப்படித்தானுங்களே?"

"தெரிஞ்சா என்ற மரியாதை என்னாகறது?"

"சரிங்க."

ஒரு வாதம் இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. மகுடேஸ்வரன் பயந்திருக்க வேண்டிய இடம் அது. அவரோ சந்தோஷமாகச் சட்டையை இஸ்திரி போடப் போனார்.

ரோஸ்மேரி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் நீங்களேதான் பாக்குதீங்களா சார்?"

"ஆமாங்க மேடம். ஊட்டுல இருக்கறவளுக்கு இதெல்லாம் ஓடாதுங்க."

சமையலறையில் ஒரு கரண்டி தேவைக்கு மேல் சத்தமாக விழுந்தது.

"போன மாசம் எங்களுக்கு அனுப்புன மெயிலைக் காட்டுங்க."

"மெயிலத் தொறந்தர்லாமுங்க!" என்று திரைச்சீலைக்குக் கேட்கும்படி சொன்னார். உள்ளே 'டக்'. மெயில் திறந்தது. மகுடேஸ்வரன் பத்து விரலாலும் தட்டினார்.

"அது என்ன சத்தம் சார்?"

"முருங்கைக்காய் நறுக்கறாங்க மேடம்."

"சரி, செலவுக் கணக்கு?"

"கணக்கப் பாத்தர்லாமுங்க!" 'டக்'.

"பெரிய முருங்கைக்காய் போல" என்றாள் ரோஸ்மேரி. "ஆர்டர் குடுத்தா எத்தனை நாள்ல முடிப்பீங்க?"

"இருபதே நாளுங்க!"

'டக்'. மெயில் மானிட்டரில் ஆங்கில எழுத்தில் தமிழ் ஓட ஆரம்பித்தது. "முப்பத்தஞ்சு நாள் ஆகும். சாயத்துக்கே பத்து நாள் போயிரும்."

மகுடேஸ்வரனின் விரல்கள் நின்றுவிட்டன. எழுத்து நிற்கவில்லை. சுதாரித்துக்கொண்டு துரத்தித் துரத்தித் தட்டினார்.

"சார், வாய் இருபதுங்கு. கை முப்பத்தஞ்சுன்னு அடிக்கி."

"கையத்தான் நம்போணுமுங்க மேடம். வாய் கொஞ்சம் வேகம்."

அதற்குப் பிறகு ரோஸ்மேரி அவர் வாயைக் கேட்கவே இல்லை. மானிட்டரைப் பார்த்தே பேசினாள்.

"பீசுக்கு மூணு ரூவா குறைக்க முடியுமா?"

"அதுக்கென்னங்க, தாராளமா" என்று ஆரம்பித்தார் மகுடேஸ்வரன்.

"முடியாதுங்க" என்றது மானிட்டர். "ஒரு ரூபாய். அதும் பிரிண்ட் ஒரே கலர்னா."

"ஒண்ணரை?"

"ஒண்ணேகால். அதுக்கு மேல கேட்டா சட்டைக்குக் கை வெக்க முடியாது."

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கீபோர்டில் ஒரு விரல்கூட இல்லை. மானிட்டரில் மட்டும், "சாம்பிள் வெள்ளிக்கிழமை வந்துரும்" என்று ஓடியது.

"உங்க கம்ப்யூட்டர் நல்லாப் படிச்சிருக்கு சார்" என்றாள் ரோஸ்மேரி. எழுந்து நேராகப் போய்த் திரைச்சீலையை விலக்கினாள்.

முக்காலியில் ஜனனி. மடியில் கீபோர்டு. அரிவாள்மனைக்குப் பக்கத்தில் பெட்டி. முருங்கைக்காயைக் காணவில்லை.

"போன்ல பேசுத ஆளு வேற, மெயில் எழுதுத ஆளு வேறன்னு எனக்கு அப்பமே தெரியும்க்கா. போன்ல ஒவ்வொரு தடவையும் ஒரு தேதி. மெயில்ல எப்பவும் ஒரே தேதி. அந்த ஆளைப் பாக்கத்தான் வந்தேன். நாலாயிரம் பீசும் உங்களுக்குத்தான். இனிமே நாம ரெண்டு பேரும் பேசிக்கிடுவோம்."

"உக்காருங்கோ கண்ணு. நானும் நீங்க எப்ப எந்திரிச்சு வருவீங்கன்னுதான் பாத்துட்டே இருந்தேன்" என்றாள் ஜனனி.

இரண்டு பெண்களும் சிரித்தது முன்னறை வரை கேட்டது. ஆர்டர் கிடைத்துவிட்டது, டெய்லர்கள் போகமாட்டார்கள் என்று மகுடேஸ்வரனுக்கு மூச்சு வந்தது. ஆனால் கையை எடுத்தால் தோற்றுப்போனதாகிவிடும். ஆகவே யாரும் பார்க்காத ஆபீசில், முதுகை நிமிர்த்திக்கொண்டு, செத்த கீபோர்டைத் தொடர்ந்து தட்டிக்கொண்டிருந்தார்.

'டக்'. முதல் மானிட்டர்: "தட்டுனது போதுமுங்க."

'டக்'. இரண்டாவது: "மேடத்துக்குக் காப்பி போடோணும்."

'டக்'. மூன்றாவது: "ஓடிப்போயி பால் வாங்கிட்டு வாங்க."