பிரி-பிரிக்கு முடிவெட்டப் போனேன்

1994-இல் ஒரு திங்கட்கிழமை நான் ஒரு பெரிய முடிவு எடுத்தேன். முடிவே முடியைப் பற்றியதுதான். செம்மறியாட்டு முடி.

லூபோக் சீனாப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பதினோரு வருஷமாகப் புல்லுக்கு மருந்தடித்தவன் நான். நிர்வாகம் திடீரென்று இருநூறு செம்மறிகளைக் கொண்டுவந்து இறக்கியது. நான் மருந்தடித்துக் கொன்ற புல்லை அவை மென்றே கொன்றன. என் வேலை ஆட ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கூப்பிட்டார்.

"தங்கையா, ஆட்டுக்கு முடிவெட்ட ஆள் வேணும். அலோர் காஜா பக்கத்துப் பண்ணையில மூணு நாள் கோர்ஸ். தேறிட்டா நீதான் அதுக்கு மண்டோர்."

மண்டோர்! மேஸ்திரி உத்தியோகம்! வீட்டுக்கு ஓடினேன். மனைவி ஜெயமணி பால்மரம் வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"நீங்க ஷேவ் பண்ணாலே மூஞ்சில மூணு பிளாஸ்டர். ஆடு பாவம் லா" என்றாள்.

"இது மிஷின் வேலைடி. உன்னை மாதிரி கத்தியப் புடிச்சுச் சீவுறதில்ல. மூளை வேணும்."

"அதையும் கோர்ஸ்லயே குடுப்பாங்களா?"

முதல் நாள். பயிற்சி கொடுத்த ரங்கசாமி ஓர் ஆட்டை என்னிடம் தள்ளினார். "உக்கார வச்சு, முதுகை உங்க கால்ல சாய்ச்சுக்குங்க. மொதல்ல வயிறு."

நான் ஆட்டை உட்கார வைத்தேன். ஆடு என்னை உட்கார வைத்தது. பிறகு படுக்கவும் வைத்தது. மலாயில் செம்மறிக்குப் பிரி-பிரி என்று பெயர். நானும் அன்றைக்கே பிரிந்துவிட்டேன். வரும்போது ஒரு பிடி கம்பளி மட்டும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் நாள் அலோர் காஜாவில் ஒரு கோப்பிக்கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டபடி பொழுதை ஓட்டினேன். சாயங்காலம் சட்டையில் கொஞ்சம் கம்பளியை ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"இன்னைக்கு எத்தன ஆடு?" என்றாள் ஜெயமணி.

"ஏழு."

"எங்கேருந்து ஆரம்பிப்பீங்க?"

"தலையிலேருந்துதான். மனுசனுக்கு அப்படித்தானே?"

"வயித்துலேருந்து இல்லயா?"

"உனக்கென்னடி தெரியும்?"

அவள் இன்னொரு மீன் துண்டு வைத்தாள். பெருமைப்படுகிறாள் என்று நினைத்தேன். தட்டை வாங்கும்போது பார்த்தேன், காப்புக் காய்த்த அவள் கை அன்று வழுவழுவென்று இருந்தது.

"என்னத்தத் தடவுன?"

"எண்ணெய்தான்."

மூன்றாம் நாளும் அதே கடை, அதே மீ. ஆடு மட்டும் ஒன்பது ஆகிவிட்டது.

நான்காம் நாள் காலை. ஆபீஸ் வாசலில் கிராணி சான்றிதழை எடுத்துப் பேர் வாசித்தார்.

"ஜெயமணி."

"கிராணி ஐயா, பேர் மாறிப்போச்சு. தங்கையா."

"பேர் மாறல. போன ஆள்தான் மாறிடுச்சு."

திரும்பினால் ஜெயமணி நிற்கிறாள். புதுச் சேலை வேறு.

நடந்தது இதுதான். இரண்டாம் நாள் காலை மழை, பால் வெட்டு இல்லை. நான் வேண்டுமென்றே விட்டுப்போன சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க அவள் பஸ் ஏறிப் பண்ணைக்குப் போயிருக்கிறாள். அங்கே நான் இல்லை, என் ஆடு இருந்தது. "சும்மா நிக்கிறதுக்கு நீங்க புடிங்கம்மா" என்றாராம் ரங்கசாமி. மரத்துக்குக் காயம் படாமல் பட்டை சீவிப் பழகின கை. ஆட்டின் மேல் ஒரு கீறல் இல்லை; கம்பளியின் எண்ணெய்தான் அவள் கையில் வழுவழுவென்று ஒட்டியிருக்கிறது. மறுநாள் லீவு போட்டுவிட்டே போய்விட்டாள்.

"ஏன்டி ஒரு வார்த்த சொல்லல?"

"ஏழு ஆடு, ஒம்பது ஆடுன்னு அவ்ளோ சந்தோஷமாச் சொன்னீங்க. கெடுக்க மனசு வரல லா."

கிராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "ஆட்டைப் புடிச்சுக் குடுக்க ஒரு ஆள் வேணுமே. யாரப் போடலாம், மண்டோரம்மா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவரையே போடுங்க. நான் பழக்குன ஆளு."

குறை சொல்ல ஒன்றுமில்லை. மருந்து நாற்றம் போயிற்று. மத்தியானம் கொட்டகையிலேயே இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். மீன் துண்டும் நின்றுபோகவில்லை. ஒரே ஒரு சங்கடம்தான். "ஆடாம நில்லு!" என்று அவள் அதட்டினால், ஆடு நிற்பதற்குள் நான் நின்றுவிடுகிறேன்.