நாலு நோ ட்ரம்ப் ஒப்பந்தம்

லாங் ஐலண்டுக்குப் போவதில்லை என்று ஜம்புலிங்கம் திட்டவட்டமாக முடிவு செய்துவிட்டார். சர்க்கார்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.

அறுபத்து நாலாம் வருஷம். மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்து சேரும் தீவில், ஹேடோ சர்க்கார் குவார்ட்டர்ஸ். மரம் வெட்டும் வேலைக் கணக்கைப் பார்க்க, இன்னும் தள்ளி இருக்கிற காட்டுத் தீவான லாங் ஐலண்டுக்கு ஒரு ஹெட்கிளார்க் போயாக வேண்டும். போனால் ரெண்டு வருஷம். குடும்பத்துக்கு அங்கே இடம் கிடையாது. ஆம்பிளைகளுக்கு ஒரு தகரக் கொட்டகை, துணைக்கு அட்டைப்பூச்சி, அவ்வளவுதான். ஒன்று ஜம்புலிங்கம் போக வேண்டும், இல்லை பக்கத்து மேஜை பன்னீர்செல்வம் போக வேண்டும். ஜம்புலிங்கத்துக்கோ வெந்நீர் வைக்கத் தெரியாது. வைத்த வெந்நீரில் குறை சொல்ல மட்டும் நன்றாகத் தெரியும்.

ரெண்டு பேர் குடுமியும் பெரிய அதிகாரி சிவஞானம் சாப் கையில் இருந்தது. சாபுக்கு உயிர் பிரிட்ஜ் சீட்டாட்டம். ஞாயிறு மத்தியானம் அவரும் சம்சாரம் சுசீலாவும் ஒரு ஜோடி. எதிர்த்து ஆட ஜோடி கிடைக்காமல் மனுஷர் தவித்துக்கொண்டிருந்தார். ஜம்புலிங்கம் விடுவாரா? பத்தே நாளில் விசாலாட்சிக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். திட்டம் ரொம்ப எளிசு: வாராவாரம் சாபிடம் தோற்பது. தோற்றுக்கொண்டே இருக்கிற எதிராளியை எந்த மடையனாவது தீவு கடத்துவானா?

“இதோ பாரு விசாலம், இந்த ஆட்டத்துல ஜோடிக்குள்ள வாயைத் திறக்கக் கூடாது. எத்தனை பிடி எடுப்போம்னு ஏலம் கேக்கறதுதான் பேச்சு. கேட்ட பிடியை எடுக்கலைன்னா தோல்வி. எந்த ஏலத்துக்கு என்ன அர்த்தம்னு முன்னாடியே ஒப்பந்தம் பண்ணிக்கணும்.”

“சரிங்க.”

“நான் ‘நாலு நோ ட்ரம்ப்’னு சொன்னா, ஊர் உலகத்துக்கெல்லாம் ‘உங்கிட்ட எத்தனை ஏஸ் இருக்கு’ன்னு அர்த்தம். நமக்கு மட்டும் வேற. ‘கை காலி, பேசாம பாஸ் சொல்லு, தோத்துடலாம்.’ புரிஞ்சுதா?”

“எதிராளி அர்த்தம் கேட்டா?”

“கேட்டா, கூட்டாளி உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் ஆகணும். சட்டம் அது. ஆனா நாலு நோ ட்ரம்ப்புக்குப் போய் எவன் அர்த்தம் கேப்பான்? அது கிடக்கட்டும், ரசத்துல உப்பு எங்கே?”

“ஜாடியில இருக்குங்க” என்றாள் விசாலாட்சி. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இத்தனை நீளமாக அவள் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. ஜம்புலிங்கம் கவனிக்கவில்லை.

மூன்று ஞாயிறு ஜாம் ஜாம் என்று தோற்றார்கள். நாலு நோ ட்ரம்ப்புக்கு விசாலாட்சி பாஸ் சொல்லும்போதெல்லாம், “பாவம், புதுசு. கூட்டாளி பாஷை இன்னும் பிடிபடலை” என்று சாப் பெருந்தன்மையோடு சிரித்தார். தன்னை ஜெயிக்க ஆளே இல்லை என்று மெட்ராஸில் இருக்கும் அண்ணனுக்கு வாரம் ஒரு லெட்டர் போட்டார். பன்னீர்செல்வம் டிரங்குப் பெட்டிக்குப் பெயின்ட் அடிக்கிறான் என்று ஆபீசில் பேச்சு அடிபட்டது.

நாலாவது ஞாயிறு. “ஒரு ஸ்பேட்” என்று விசாலாட்சி ஆரம்பித்தாள். சாப் பாஸ். ஜம்புலிங்கம் தன் கையைப் பிரித்துப் பார்த்தார். பத்துக்கு மேல் ஒரு சீட்டு இல்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது!

“நாலு நோ ட்ரம்ப்!”

அடுத்து சுசீலாவின் முறை. அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “ஏன் விசாலம், இதுக்கு உங்களுக்குள்ள என்ன ஒப்பந்தம்?” என்றாள்.

“அரே, இதுகூடவா தெரியாது? ஏஸ் கேக்கறார்!” என்றார் சாப்.

“நான் உங்களைக் கேக்கலை. அவரோட கூட்டாளியைக் கேக்கறேன். சட்டம் அதுதானே?”

ஜம்புலிங்கம் மேஜைக்கடியில் சம்சாரத்தின் காலைத் தேடி உதைத்தார். கிடைத்தது மேஜைக்கால். விசாலாட்சி சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்: “கை காலி, பேசாம பாஸ் சொல்லு, தோத்துடலாம்னு அர்த்தம்ங்க.”

சாப் முகத்தில் ஈயாடவில்லை. “போன வாரம்?”

“போன வாரம் ரெண்டு தடவைங்க.”

“அதுக்கு முந்தி?”

“அன்னிக்கு மூணுங்க.”

“சாப், இவளுக்கு ஒண்ணும் புரியாது, உளர்றா...”

“யோவ், என்னை ஜெயிக்க வைக்க நீ யாருய்யா? எங்க அண்ணனுக்கு மூணு லெட்டர் போட்டுட்டேனே!” சாபுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மூன்று வாரமாகத் தான் ஒரு மேதை என்று நம்பியிருந்த மனுஷர். “செவ்வாய்க்கிழமை கப்பல் கிளம்புது. லாங் ஐலண்ட். சலோ!”

திங்கட்கிழமை சாயங்காலம் விசாலாட்சி அவருடைய வேட்டி சட்டையை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சுறுசுறுப்பாகத்தான் அடுக்கினாள்.

“ஏண்டி, கொஞ்சம் மழுப்பியிருக்கக் கூடாதா?”

“சட்டம்னு நீங்கதானே சொன்னீங்க?”

நுணலும் தன் வாயால் கெடும். வேறென்ன சொல்ல?

“என்னை அனுப்பிட்டே. உனக்கும் ஞாயித்துக்கிழமை ஆட்டம் போச்சு பாத்துக்கோ.”

“போகலைங்க. இனிமே நானும் சுசீலா அக்காவும் ஒரு ஜோடி. எத்தனை வருஷம்தான் சாபோட ஜோடி சேர்ந்து அவர்கிட்டத் திட்டு வாங்கறதுன்னு அவங்களுக்கு அலுத்துப்போச்சாம். சாபுக்குப் பன்னீர்செல்வம்.”

ஜம்புலிங்கத்துக்கு எங்கேயோ இடித்தது.

“இத்தனை வருஷம் ஆடற அந்த அம்மாவுக்கு நாலு நோ ட்ரம்ப்புக்கு அர்த்தம் தெரியாதா? ஏன் கேட்டாங்க?”

விசாலாட்சி பெட்டியை அழுத்தி மூடினாள்.

“நான் ‘ஒரு ஸ்பேட்’னு ஆரம்பிச்சா அவங்க கேக்கணும். அது எங்களுக்குள்ள ஒப்பந்தம்ங்க.”