மூடும் கூட்டத்தில் பிழைத்த மன்றம்

ஸ்காபரோ, கனடா,
கார்த்திகை, ஞாயிறு

மட்டக்களப்பில் சகல சௌபாக்கியங்களுடனும் வாழும் அன்பு மச்சான் பூபாலபிள்ளைக்கு,

இங்கே நானும் உங்கள் அக்காவும் குளிரைத் தவிர வேறு குறையின்றி இருக்கிறோம். அங்கே வெள்ளம் வீட்டுக்குள் வராதிருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டுகிறேன்.

நான் பொருளாளராக இருக்கும் மாலை மன்றத்தின் நிதி நிலைமையை விசாரித்திருந்தீர்கள். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் ஒரே அறையில் ஆறு பேர் படுத்த காலத்தில் மன்றத்தில் காசு புரண்டது, கேட்காமலே தந்தார்கள். அதே ஆட்கள் நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் பெரிய வீடு வாங்கியதும் மோர்ட்கேஜ் கடனைச் சொல்லி அழத் தொடங்கினார்கள். வீடுகள் பெருக்கப் பெருக்க மன்றம் மெலிந்தது. அதிட்டச் சீட்டு விற்றோம். பரிசாக வைத்த தொலைக்காட்சியின் விலை சீட்டுக் காசைவிடக் கூடிவிட்டது. கடைசியில் மண்டப வாடகைக்கே வழியில்லை. வயதானவர்கள் வாரத்தில் ஒருநாள் கூடிச் சிரிக்க இருக்கும் ஒரே இடம் அது. இருந்தும் தலைவர் மரியரட்ணம் மன்றத்தை மூடுவதற்குக் கூட்டம் கூட்டினார்.

கூட்டத்தில் உட்கார இடமில்லை. முதலில் எழுந்தவர் ஏழு வருடமாகச் சந்தா கட்டாத யோசப்.

“மூடக்கூடாது. என்ர வோட்டைப் பதியுங்கோ அண்ணை.”

“சந்தா கட்டாதவைக்கு வோட்டில்லை எண்டு மன்றத்து யாப்பு விதியில இருக்கு” என்றேன்.

யோசப் முகம் சிவந்து பாக்கி முழுவதையும் மேசையில் வைத்தார். அவர் எதைச் சொன்னாலும் எதிர்க்கும் கிறிஸ்ரினா அன்ரி சும்மா இருப்பாரா? “அப்ப நான் மூடச் சொல்லி வோட்டுப் போடுவன்” என்று தன் பாக்கியையும் கட்டினார். உடனே அவருக்கு ஒரு கட்சி, இவருக்கு ஒரு கட்சி. காசு எடுக்க வங்கிக்கு ஓடியவர்களும் உண்டு. ரசீது எழுதி எழுதி என் கை விறைத்தது. எண்ணிப் பார்த்தால் ஒன்றரை வருட வாடகை.

“இனி எதுக்கு வோட்டு?” என்றார் மரியரட்ணம்.

“காசு கட்டினது வோட்டுப் போடத்தானே” என்று சபை விடவில்லை. போட்டார்கள். மூடச் சொல்லி ஒரு கைகூட உயரவில்லை. நான் கிறிஸ்ரினா அன்ரியைப் பார்த்தேன்.

“கட்டின காசுக்கு வந்து ரீ குடிக்க வேண்டாமோ?” என்றார்.

யோசப்பே அவருக்கு ரீ ஊற்றிக் கொடுத்தார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். மன்றத்துக்கு இப்படியொரு செழிப்பு இதுவரை வந்ததில்லை, மச்சான்.

உங்கள் வயலில் நெல்லும் வீட்டில் சிரிப்பும் குறையாதிருக்க வாழ்த்தும்,
அத்தான் கனகசிங்கம்

பி.கு.: இதை மடிக்குமுன் உங்கள் அக்கா மன்றத்துக் காசோலைப் புத்தகத்தை நீட்டினாள். மன்றம் பிழைத்ததைக் கொண்டாட இருநூறு பேருக்கு ஆட்டிறைச்சி விருந்தாம், மேளமும் உண்டாம், ஏற்பாட்டுக்கு அவளே தலைவியாம். ஒன்றரை வருட வாடகையும் அதோடு சரி. மேலே எழுதிய செழிப்பைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். பொருளாளராக மறுத்தேன், புருசனாகக் கையெழுத்திட்டேன்.