கோயிலுக்குள் சப்பாத்தோடு ஓடும் பெண்

கோலசிலாங்கூர்
ஞாயிற்றுக்கிழமை

என் இல்லத்தரசிக்கு உன் வீட்டுக்காரன் நாராயணசாமி எழுதிக்கொண்டது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் பூனையும் சுகம். பெர்த்தில் நீயும் மகள் தனேஸ்வரியும் மாப்பிள்ளையும் புதிதாக வந்திருக்கும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

பிரசவம் பார்க்கப் போன நீ, பிள்ளை நடக்கும்வரை இருந்துவிட்டு வரட்டுமா என்று போனில் கேட்டாய். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால், மாப்பிள்ளை காதில் விழ நான் என்னத்தைச் சொல்வது? அதனால்தான் பெர்த்துக்கு வரும் பக்கத்து வீட்டுச் செல்வாவிடம் மசாலாத்தூளோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். பதில் இதுதான்: தாராளமாக இரு. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

பொழுது நன்றாகவே போகிறது. நீ விட்டுப்போன பழைய போனில் அந்த ஓட்ட விளையாட்டு இருக்கிறதே, அதைத்தான் ஆடுகிறேன். சாம்பாரை அடுப்பில் விட்டுவிட்டு நீ அதைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "பேத்தி எடுக்கப்போற வயசுல என்னடி ஓட்டம்?" என்று கத்தியவனும் நான்தான், அதற்கென்ன இப்போ? ஆனால் ஒன்று கேட்கிறேன், அந்தப் பெண் ஓடுவது பழைய கோயில் மாதிரி இருக்கிறதே, தூண் இருக்கு, மண்டபம் இருக்கு, அதுக்குள்ளே சப்பாத்தைக் கழற்றாமல் ஓடுறாளே, புலி துரத்தாமல் வேறென்ன செய்யும்? அவள் கழற்றாவிட்டால் போகட்டும் என்று நான்தான் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கால் கழுவிக்கொண்டு வந்து உட்காருகிறேன். அப்படியும் முதல் வளைவிலேயே செத்துப்போகிறாள். இத்தனை வருஷம் செம்பனை லோரி ஓட்டினவன், ஒருநாள் ரோட்டோரக் கானில் இறக்கியிருப்பேனா? இங்கே வளைவு வந்தால் உடம்பும் சேர்ந்து சாய்கிறது. நேற்று நாற்காலியோடு விழுந்தேன். முழங்கை லேசாகத்தான் வீங்கியிருக்கு, மகளிடம் சொல்லாதே.

கோயில் கமிட்டிக் கூட்டத்திலும் மேசைக்கடியில் வைத்து ஆடினேன். தலைவர் ராஜு, "திருவிழா செலவைக் குறைக்கலாமா?"ன்னு கேட்ட நேரம் பார்த்து, "தாண்டு, தாண்டு, நிக்காதே!"ன்னு கத்திட்டேன். அதையே என் தீர்மானம்னு எழுதிக்கிட்டாங்க.

கடைசியில் நம்ம சாப்பாட்டுக்கடை அப்துல் மஜீதுதான் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அண்ணே, ஏன் இடதுபக்கம் திரும்பவே மாட்றீங்க?" என்று கேட்டார்.

"கோயில்யா. வலமாத்தானே சுத்தணும்? அம்மனை இடமா சுத்தச் சொல்றீரா?"

"ஐயோ, அது கேம் லா! மேலே அண்ணி பேரு இருக்கே, அவங்க என்ன வலதுபக்கமாவே திரும்பியா இவ்ளோ பாயிண்ட் எடுத்தாங்க?"

கடையே சிரித்தது. நீ இத்தனை நாளும் என் கண்ணெதிரே அம்மனை இடமாகச் சுற்றியிருக்கிறாய், வாயைத் திறக்கவில்லையே நீ! சரி, தாயே மன்னிச்சுக்கோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நானும் இடதுபக்கம் திரும்பினேன். அதிலிருந்து ஓட்டமான ஓட்டம். இன்றோ நாளையோ உன் புள்ளியைத் தாண்டிவிடுவேன். ஆகவே நீ நிதானமாக வரலாம். சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன். உன் பூச்செடியும் நன்றாக இருக்கிறது.

பேத்திக்கு என் முத்தம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் அம்மன் அருளால் எல்லா நலமும் சேரட்டும்.

இப்படிக்கு,
யாதொரு குறையுமில்லாத
நாராயணசாமி

பி.கு.: செல்வா வாசலில் ஹாரன் அடிக்கிறான், சீக்கிரம் எழுதுகிறேன். குறையில்லைன்னு மேலே எழுதியது எல்லாம் பொய். சோறு தினமும் குழைகிறது, பூச்செடி பட்டுப்போச்சு. கடிதத்தை முடித்துவிட்டு ஆடினதில் இப்போதுதான் உன் புள்ளிக்குக் கிட்டே போய்விட்டேன். இன்னும் கொஞ்சம் ஓடினால் தாண்டியிருப்பேன். தாண்டினால் மேலே இருக்கிற உன் பேர் போயிடும்னு அப்பத்தான் புத்தியில் பட்டது. தினமும் அதைப் பார்க்கத்தானே போனையே தொறக்கிறேன்? விரலை எடுத்துட்டேன். புலி பிடிச்சுக்கிச்சு, பிடிக்கட்டும். கல்யாணமான நாளிலிருந்து உன்னை "இந்தா"ன்னுதான் கூப்பிட்டிருக்கிறேன். இப்போ பேர் சொல்லியே கூப்பிடறேன். பிள்ளை நடக்கிறதை வீடியோவில் பார்த்துக்கலாம். வீட்டுக்கு வந்துடு, புனிதவதி.