வண்டி முனகுது, மொச்சை அத்தான்

என் மொச்சை அத்தானுக்கு,

தங்கபுஷ்பம் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும், மகள் மதுமதியும், மருமகன் ஸ்ரீஹரியும் நலம். அங்கே உங்கள் நலம் எப்படி என்று எழுத வந்தேன். செத்துப்போனவரிடம் நலம் விசாரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மதுமதியைக் கேட்டால் அழுவாள். அதனால் விசாரித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் உங்கள் கார். நீங்கள் போனபிறகு மூடி போட்டே கிடந்த வண்டியைப் போன மாதம் ஸ்ரீஹரி வெளியில் எடுத்தார். அடையாறு பாலம் ஏறுவதற்குள் முன்பக்கத்திலிருந்து 'ஙொய்ய்ய்' என்று ஒரு சத்தம். மிதித்தால் ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது, சிக்னலில் நின்றால் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி வாயை மூடிக்கொள்கிறது. "இது முன்னாடியே இருந்துச்சா அத்தை?" என்று கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? நீங்கள் ஓட்டும்போது இன்ஜின் சத்தம் யார் காதில் விழுந்தது? மயிலாப்பூர் வீட்டு வாசலில் ஆரம்பித்து தி.நகரில் நம் பாத்திரக் கடை வாசல் வரைக்கும் எவர்சில்வர் விலையையும் சம்பந்தி வீட்டு சாம்பாரையும் திட்டிக்கொண்டே வருவீர்கள். அன்றைக்கு நானும் ஸ்ரீஹரியும் திரும்பும்போது பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்க நிறுத்தினோம். நாங்கள் வருவதைக் கேட்டுக்கொண்டே இருந்த மீன்காரம்மா, "இன்னாம்மா, வண்டிக்குள்ள கொசு பூந்துகிச்சா?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதற்கு எது என்று தெரியவில்லை.

ஸ்ரீஹரி விளக்கிச் சொன்னார். இது டர்போ வண்டியாம். புகை வெளியே போகிற வேகத்தில் ஒரு சின்னக் காத்தாடி சுற்றுமாம், அது இன்ஜினுக்குள்ளே காற்றை அமுக்கிக் கொடுக்குமாம். "அது போச்சுன்னா பெரிய செலவு அத்தை. வித்துருவோம்" என்றார். மதுமதியும் தலையாட்டினாள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்றார்கள். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, டர்போவும் தெரியாது. ஆனால் உங்கள் சட்டை வேட்டியெல்லாம் கொடுத்தாயிற்று. நீங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கிப்போன சீட்டு ஒன்றுதான் பாக்கி. அதை வாய்விட்டுச் சொல்ல வராமல், "சத்தம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சிட்டா விக்கக் கூடாது, சரியா?" என்றேன். சரி, மாசக் கடைசி வரைக்கும் பாருங்கள் என்றார்கள்.

கம்பெனி சர்வீஸில் கம்ப்யூட்டரைச் சொருகினார்கள். வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று அது சொல்லிவிட்டது.

"அப்போ சத்தம்?"

"சிஸ்டத்துல வரலம்மா."

"என் காதுல வருதே தம்பி."

அந்தப் பையன் என் காதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்து நம் பக்கத்து வீட்டு சுப்பராமன் மாமா, தானே வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார். பேங்கில் ரிட்டயர் ஆனதிலிருந்து சபா சபாவாகக் கச்சேரி கேட்கிறவர் இல்லையா, செல்போனில் தம்பூராவைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். கோயில் குளத்தை ஒரு சுற்று சுற்றியதும் கண்ணைத் திறந்து, "கேட்டேளா? ரெண்டாவது கியர்ல பஞ்சமத்துல நின்னுண்டிருக்கு. மூணாவதுல நிஷாதத்தைத் தொட்டுண்டு வரது. அபஸ்வரமே கிடையாது, இதைப் போய் ரிப்பேர்ங்கறேளே!" என்றார். "ஏன் மாமா அப்படிக் கத்துது?" என்றேன். "அது எனக்கெப்படித் தெரியும்? ஸ்ருதி சுத்தம், அவ்வளவுதான்" என்று இறங்கிப் போய்விட்டார். ஸ்ரீஹரிக்குச் சம்பளம் கம்ப்யூட்டரில் வந்தாலும் சாமி பயம் அதிகம். அவர் பங்குக்குப் பூசணிக்காய் உடைத்தார், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். பழம் நசுங்கியது. சத்தம் அப்படியே இருந்தது.

கடைசியில் மந்தைவெளி சைஃப் பாய் பட்டறைக்குப் போனோம். பானெட்டைத் திறந்ததுமே, "டர்போதாம்மா. அழுதுகினு கீது பாரு" என்றார். பிறகு டர்போ இல்லை, ஹோஸ் என்றார். ஹோஸை மாற்றினார், போகவில்லை. பெல்ட் என்றார், மாற்றினார், போகவில்லை. ஸ்ரீஹரியை உள்ளே உட்காரவைத்து மிதிக்கச் சொல்லிவிட்டு, பாய் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு இன்ஜினுக்குள் தலையை விட்டார். நின்று நின்று எனக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. இன்ஜின் ஓரமாகக் கறுப்பாக ஒரு டப்பா இருந்தது, அதன்மேல் கையை ஊன்றினேன். சத்தம் நின்றுவிட்டது.

"இன்னா சார், கால எடுத்துட்டியா?"

"இல்ல பாய், மிதிச்சிட்டுதான் இருக்கேன்!"

ஏதோ உடைத்துவிட்டேன் என்று பயந்து கையை எடுத்தேன். ஙொய்ய்ய். மறுபடி வைத்தேன். நின்றது. "அம்மா, கைய எடுக்காத! அங்கயே நில்லு!" என்று பாய் தலையை வெளியே எடுத்துக் கத்தினார். அது காற்றை வடிகட்டுகிற ஏர் ஃபில்டர் டப்பாவாம். மூடி ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. திறந்தால், விளிம்பில் உருண்டையாக ஒரு அழுக்குத் துணி சிக்கியிருந்தது. "இதாம்மா மூடிய தூக்கினு இருந்திச்சு. அந்த சந்துல காத்து பூந்து விசிலடிச்சினு கீது, டர்போ பாவம் நல்லாத்தான் கீது" என்று துணியை என் கையில் போட்டுவிட்டு, மூடியை அமுக்கிக் கிளிப்பை மாட்டினார். அடுத்தவர் பட்டறையில் குப்பை போடவேண்டாமே என்று இடுப்பில் சொருகிக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வரைக்கும் வண்டி வாயே திறக்கவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் மதுமதி, "சூப்பர்மா! இப்போ நல்ல விலைக்குப் போகும்" என்கிறாள். ஒப்பந்தத்தை ஞாபகப்படுத்தினால், "அது அப்போம்மா, சும்மா நிக்கிற வண்டிக்கு இன்சூரன்ஸ் யாரு கட்டுறது?" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வந்து வண்டியை ஓட்டிப் பார்க்கிறாராம். விற்கக் கூடாது என்று அலைந்து, விற்பதற்குத் தோதாக நானே சரிசெய்து கொடுத்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அங்கே அத்தையையும் மாமாவையும் பார்த்தால் நான் கும்பிட்டதாகச் சொல்லவும். அத்தை கோபமாக இருந்தால் மாமாவிடம் மட்டும் சொன்னால் போதும். வெயிலில் அலைய வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கபுஷ்பம்

பி.கு.: மேலே எழுதியதில் விற்கிற கதையை அடித்துவிடுங்கள். இதை மடித்து வைத்துவிட்டு, இடுப்பில் இருந்த துணியைக் குப்பையில் போட எடுத்தேன். உள்ளே ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. சோப்புப் போட்டுக் கசக்கினால் கிரீஸ் போய் மஞ்சள் வருகிறது. அவிழ்த்தேன், ஒரு ரூபாய்க் காசு. ஸ்ரீஹரி பார்த்துவிட்டு, "ஐயோ அத்தை, இது நேர்த்திக்கடன் முடிச்சுல்ல! நீங்களா வெச்சீங்க?" என்றார். நான் இல்லை என்று சத்தியம் செய்தேன். ஆனால் அவிழ்க்கும்போதே தெரிந்துவிட்டது, கடையில் பார்சல் கட்டும்போது நீங்கள் ஒரு காது விட்டு இழுப்பீர்களே, அந்த முடிச்சு. வேறு யாருக்கும் அது வராது. செலுத்தாத நேர்த்தியோடு வண்டியை விற்றால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஸ்ரீஹரியே போன் போட்டு, வருகிறவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். எந்தக் கோயில் என்று தெரிகிற வரைக்கும் வண்டி இங்கேதான் நிற்கும்.

நான் காசு முடிந்து வைக்கும்போதெல்லாம் "சாமிக்கே லஞ்சமாட்டி?" என்று சிரித்தவர் நீங்கள். இப்போது நான் இந்தக் காசை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் உயிருக்காக என்றால், நடக்கவில்லை, யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. எனக்காக என்றால், நான் கல்லுமாதிரி இருக்கிறேன், கொடுத்தாக வேண்டும். என்ன வேண்டிக்கிட்டீங்க, அத்தான்?