கிரைண்டரில் அரைபட்ட தோட்டாக்கூடுகள்

2023ஆம் ஆண்டு அக்டோபர் 14, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். என் அக்காவின் தோட்டாக்கூடுகளை நான் பாழாக்கத் தொடங்கிய நேரம் இதுதான். இவ்வளவு திட்டமாகச் சொல்ல முடிவது என் நினைவாற்றலால் அன்று. அக்காவின் கணவர், அதாவது மாமா, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மணி மூணு பத்து அம்மிணி, ஆறரைக்குள்ள வந்துருவேன். எல்லாம் ஒரே அளவா இருக்கோணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தை எங்கள் குடும்பம் இன்றுவரை மறக்கவில்லை; என்னையும் மறக்கவிடவில்லை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் இலக்கியம் படிப்பவள். அதிகம் பேசமாட்டேன், ஆனால் திருமண அழைப்பிதழைக் கையில் கொடுத்தால் மணமக்களின் பெயருக்கு முன்பாக எழுத்துப்பிழையைத்தான் பார்ப்பேன். அலமாரியில் புத்தகங்களை உயர வரிசையில் அடுக்குவேன். (பொருள் வரிசையில் அடுக்குவதுதான் முறை என்று தெரியும். ஆனால் ஒரு குள்ளப் புத்தகம் நடுவில் நின்றால் எனக்குச் சோறு இறங்காது.) இந்த நோயைத்தான் மாமா திறமை என்று தவறாகப் புரிந்துகொண்டார்.

அக்கா விமான் நகரில் ஒரு விடுதியின் வரவேற்பில் வேலை செய்கிறாள். கல்லூரிக் காலத்தில் மாணவர் படையில் சேர்ந்து பிடித்த துப்பாக்கியை அவள் அப்புறம் கீழே வைக்கவே இல்லை. ரைபிள் கிளப்பில் உறுப்பினர். குப்புறப் படுத்துத் தொலைதூர இலக்கைச் சுடும் பிரிவு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை மாநில அணிக்கான தேர்வு. அதற்கு முந்தைய தேர்வில் நூலிழையில் இடத்தைத் தவறவிட்டிருந்தாள். வெளிப்பார்வைக்குச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்த வாரம் முழுவதும் அவள் காப்பியில் சர்க்கரை போட மறந்ததை நான் கவனித்திருந்தேன்.

இந்த விளையாட்டில், சுட்டபின் மிஞ்சும் பித்தளைக்கூட்டை யாரும் தூக்கி எறிவதில்லை. சுண்டுவிரல் நீளக் கூடு; சுடும்போதெல்லாம் அதன் வாய்ப்பக்கம் கொஞ்சம் நீளும். நீண்டதைச் சீராக வெட்டினால் மறுபடி பயன்படும். மருந்தும் குண்டும் நிரப்புவதெல்லாம் கிளப்பில், உரிமம் பெற்றவர் கையால். அக்கா வீட்டுக்கு வந்தவை, கிளப்பின் அனுமதியோடு, வெறும் கூடுகள் மட்டுமே. அக்காவின் துப்பாக்கியிலேயே திரும்பத் திரும்பச் சுடப்பட்டு அதன் உள்ளளவுக்குப் படிந்துபோனவை. "டெய்லர் அளவெடுத்துத் தைச்ச ஜாக்கெட் மாதிரிடி" என்பாள் அக்கா. சனிக்கிழமை இரவு அவற்றைக் கிளப்பில் ஒப்படைத்தால், காலையில் தோட்டாக்களாகத் திரும்பி வரும்.

வெட்டும் எந்திரம் மாமாவின் படைப்பு. அவர் கோயம்புத்தூர்க்காரர், கணினி நிறுவனத்தில் வேலை என்றாலும் சும்மா கிடக்கும் மோட்டாரைப் பார்த்தால் தூக்கம் வராத மண்ணில் பிறந்தவர். திருமணத்துக்கு அவருடைய அம்மா ஆசையாகக் கொடுத்த டேபிள் டாப் கிரைண்டர், விமான் நகரில் பாக்கெட் மாவு கிடைத்த நாள்முதல் மூலையில் கிடந்தது. மாமா அதன் தொட்டியையும் கற்களையும் கழற்றிவிட்டு, மோட்டாரைப் படுக்கவைத்துச் சப்பாத்திப் பலகையில் திருகிப் பொருத்தினார். சுழலும் தண்டின் நுனியில் டிரில்லிங் மெஷினின் ‘சக்’ என்னும் கவ்வியைப் பொருத்தி, கூட்டின் அடிப்பக்கத்தை அதில் கவ்வவைத்தார். எதிரே, மேசை இழுப்பறையிலிருந்து பிடுங்கிய தண்டவாளத்தின் மேல் ஒரு கட்டர். அதைக் கையால் முன்னே தள்ளினால், சுழலும் கூட்டின் வாயைச் சீவிக்கொண்டே போய் ஒரு போல்ட்டில் முட்டி நிற்கும். முட்டிய இடம்தான் சரியான நீளம். போல்ட்டை ஒரு நட்டு இறுக்கிப் பிடித்திருக்கும். (அந்த நட்டின் பெயரை நான் மரியாதையில்லாமல் உச்சரிப்பது உண்டு.)

பக்கத்து வீட்டு மராத்தி அம்மாவுக்கு, நாங்கள் காகூ என்று கூப்பிடுபவருக்கு, இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது. அவரைப் பொறுத்தவரை, கிரைண்டர் ஓடினால் தமிழ்க்காரர்கள் வீட்டில் இட்லி மாவு அரைபடுகிறது. ஒவ்வொரு முறையும் டப்பாவோடு வந்து, ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காரணம் கேட்டுத் திரும்பிப் போவார்.

அன்று மாமாவே வெட்டுவதாகத்தான் ஏற்பாடு. மூன்று மணிக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு. "சர்வர் படுத்துருச்சாமா. நான் போய் எழுப்பலீன்னா நாளைக்கு என்னையப் படுக்கவெச்சுருவாங்க." அக்கா வேலையில் இருந்தாள். வீட்டில், கட்கியில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து அக்காவின் தேர்வைப் பார்க்க ஒரு வாரம் முன்பே வந்து தங்கியிருந்த நானும் அப்பாவும்தான்.

அப்பாவைக் கேட்கலாமே என்று தோன்றும். அவர் முப்பது வருடம் தோட்டாத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்தான். ஆனால் அவர் இருந்தது உணவகப் பிரிவு. அங்கே அவர் பார்த்த வெடிக்கும் பொருள் கடுகு ஒன்றுதான். தினமும் வெளியே வரும்போது வாயிற்காவலர்கள் தடவிச் சோதித்ததில், இன்றும் எந்த வீட்டைவிட்டுக் கிளம்பினாலும் தானாகவே கையைத் தூக்கிக்கொண்டு ஒரு கணம் நிற்பார். மருமகன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பித்தளைக்கூடுகள் கிடந்ததைப் பார்த்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

ஆகவே மாமா என்னிடம் வந்தார். "உன்ற கண்ணுக்குத் தப்பாது அம்மிணி. இந்தா வெர்னியர், அளந்துக்கோ. இது தாய்." சரியான நீளத்தில் முன்பே வெட்டிய ஒரு கூட்டின் அடியில் அக்காவின் சிவப்பு நகப்பூச்சைத் தொட்டுவைத்திருந்தார். "ஒவ்வொண்ணையும் இதுகூட வெச்சுப் பாரு. நீளம் முன்னப்பின்ன இருந்தா குண்டு ஒரே எடத்துல போய் உழுகாது."

நான் பெருமிதத்தில் துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டேன்.

முதலில் எல்லாம் அழகாக நடந்தது. பித்தளைச் சீவல் பொன்னிறச் சுருளாக விழுந்தது. அளந்தேன்; தாயும் சேயும் சமம். நான் இலக்கியத்துக்கு வந்ததால் ஒரு பொறியாளரை நாடு இழந்துவிட்டதே என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரு கூடு, தாயைவிடச் சற்றுக் குட்டையாக வந்தது.

நட்டு அதிர்வில் தளர்ந்து, போல்ட் பின்னே நகர்ந்திருந்தது. அறிவுள்ள எவரும் நட்டை இறுக்கி, அந்த ஒரு கூட்டை ஒதுக்கிவைத்திருப்பார்கள். நான் யோசித்தேன். ஒதுக்கினால் ஒன்று குறையும். ஏன் என்று அக்கா கேட்பாள். நான் பதில் சொல்லவேண்டியிருக்கும். ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதைவிட ஐம்பது கூடுகளை வெட்டுவது எனக்கு எளிது. தவிர, மாமா கேட்டது என்ன? எல்லாம் ஒரே அளவு. அப்படியென்றால் மற்றவற்றையும் இந்தக் குட்டையின் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் குறை தீர்ந்தது. (வகுப்பில் ஒரு வரி சரியாக வரவில்லை என்றால் கட்டுரை முழுவதையும் அந்த வரிக்கு ஏற்றபடி மாற்றி எழுதுவேன். நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கிறது.)

முன்பு வெட்டியவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் சக்கில் மாட்டினேன். பாதியில் போல்ட் இன்னும் கொஞ்சம் பின்வாங்கியது. புதிய குட்டை ஒன்று பிறந்தது. இப்போது அதுதான் அளவு. மறுபடியும் முதலிலிருந்து.

அழைப்புமணி அடித்தது. காகூ, டப்பாவுடன்.

"பேட்டா, பீட் ஜாலா கா?" மாவு ஆயிற்றா என்கிறார்.

நான் கதவை முகம் மட்டும் தெரியும் அளவுக்குத் திறந்து, "அபி நஹீ, காகூ", இன்னும் இல்லை, என்றேன்.

"இத்னீ தேர்?" இவ்வளவு நேரமா என்று கேட்டு என் தலையை உற்றுப் பார்த்தார். கூந்தலில் இருந்து ஒரு பொன்னிறச் சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "யே க்யா ஹை?" இது என்ன என்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அப்பா, சுவரைப் பார்த்தபடியே, "ஜரி! புடவை ஜரி!" என்றார். காகூ என் பருத்திச் சுடிதாரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"இன்னாம்மா, எல்லாம் சரியா, டீக் தானே?" என்றார் அப்பா.

"டீக் தான்ப்பா."

"நான் ஒண்ணியும் பாக்கல. கேட்டா அப்படித்தான் சொல்லுவேன்."

ஆறு மணிக்கு முடித்தேன். தட்டில் அடுக்கினேன். ஒரே உயரம், ஒரே பளபளப்பு. ஒன்று மட்டும் கண்ணை உறுத்தியது. கூட்டத்தில் தலை தூக்கிக்கொண்டு, மற்றவற்றைவிடத் தெளிவாக நீளமாக, ஒழுங்கீனமாக நின்றது. அடியில் சிவப்புப் புள்ளி.

அதையும் வெட்டினேன்.

அக்காவும் மாமாவும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள். தட்டை இரு கைகளாலும் ஏந்தி, "எல்லாம் ஒரே அளவு!" என்றேன். என் வாழ்வில் நான் உரக்கச் சொன்ன மிகச் சில வாக்கியங்களில் அது ஒன்று.

அக்கா ஒன்றை எடுத்தாள். திருப்பினாள். இன்னொன்றை எடுத்தாள்.

"அரே, இன்னாடி இது? கழுத்து எங்கடி?"

"கழுத்தா?"

"மேலே ஒல்லியா இருக்குமே, கழுத்து! அதுலதானே குண்டு நிக்கும்!"

அப்போதுதான் பார்த்தேன். வெட்டிய கூட்டில் எல்லாம் இருந்தது, அந்த ஒல்லியான பகுதியைத் தவிர. மாமா வெர்னியரை எடுத்தார், வைத்தார். "அந்தச் செகப்பு எங்க அம்மிணி?" நான் தட்டின் ஓரத்தைச் சுட்டினேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். "தாயையுமா?"

"அது மட்டும் நீளமா இருந்தது, மாமா."

 அப்பா முதல்முறையாகச் சுவரிலிருந்து திரும்பினார். "முப்பது வருஷம் அந்த ஃபேக்டரிக்கு என்னால ஒரு ஆணி நஷ்டம் இல்ல. என் பொண்ணு ஒரு மத்தியானத்துல..." என்றவர், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அக்கா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நான் தட்டைப் பிடித்தபடியே நின்றேன். கீழே வைக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. கிளப்புக்குத் தொலைபேசியில் பேசி, நாளைக்குக் கடையிலிருந்து வந்த பெட்டித் தோட்டா வேண்டும் என்று கேட்டாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ரெடிமேட் ஜாக்கெட் மாட்டிக்கினு என் கல்யாணத்துக்கே போற மாதிரி இருக்குடி எனக்கு."

பிறகு தட்டைப் பார்த்தாள். அவளுக்கும் அடக்கமுடியவில்லை. "ஆனா பாருங்களேன், எல்லாம் ஒரே அளவு!"

"இன்னும் ஒரு சுத்து உட்டிருந்தா மூக்குத்தி ஆயிருக்கும்" என்றார் மாமா தரையிலிருந்து.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் பீன்ஸ் நறுக்கினால், "எல்லாம் ஒரே அளவா?" முடிவெட்டிக்கொண்டு வந்தால், "அம்மிணி, கழுத்து இருக்குதான்னு பாத்துக்கோ." என் ஆய்வேட்டில் இரண்டு இயல்களை நெறியாளர் நீக்கச் சொன்னதாகத் தெரிந்த அன்று, மிச்சத்தையும் அதே அளவுக்குக் குறைத்துவிடாதே என்று அக்கா செய்தி அனுப்பினாள். கிரைண்டர் தன் தொட்டியையும் கற்களையும் திரும்பப் பெற்று, மாவு அரைக்கிறது. காகூவுக்கு முதல் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். "ஜரி நஹீ ஹை ந?", ஜரி இல்லையே, என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையைச் சொல்லவேண்டும். போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். அக்காதான் இழுத்துக்கொண்டு போனாள். காதடைப்பை மாட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால், விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் படுத்தாள், மூச்சை நிறுத்தினாள், சுட்டாள். ஒவ்வொரு முறையும் ஒரு சூடான கூடு என் முழங்காலருகே உருண்டது. நான் இலக்கைப் பார்க்கவில்லை. அவள் தோளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்வானவர்களின் பட்டியலை ஒட்டியபோது அதன் கடைசிப் பெயர் அவளுடையது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். கடைத் தோட்டா போதுமானதாக இருந்தது மாமாவுக்கு மட்டும் இன்றுவரை செரிக்கவில்லை.

சுட்டவர்கள் எல்லோரும் எழுந்து போனபின் நான் மண்டியிட்டுக் கூடுகளை ஒரு பையில் பொறுக்கினேன்.  இரண்டு கூடுகளை விரிப்பில் அருகருகே நிறுத்தினேன். அவற்றில் ஒன்று, சத்தியமாக, மற்றதைவிட ஒரு மயிரிழை நீளம்.

பின்னால் வந்து நின்ற மாமா குனிந்து, சட்டைப்பையிலிருந்து வெர்னியரைப் பாதி வெளியே இழுத்துக் காட்டினார். "பாக்கறயா அம்மிணி?"

நான் இரண்டையும் பைக்குள் போட்டு, அதன் வாயை இறுகக் கட்டினேன்.